கோயில் ஸ்பீக்கரில் நான் வாசித்த பிட்டு, பெயரைக் காணோம்: பாட்டைப் பகிர்வதால் கலைஞனுக்கு லாபமா, நட்டமா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறவன் நான். முப்பது வருடம் ஆகப்போகிறது. 2001-ல் ஓர் அம்மன் பாடல் கேசட்டுக்கு வாசித்தேன். எட்டுப் பாட்டு, இரண்டு நாள் ரெக்கார்டிங், கையில் 1,500 ரூபாய். அதோடு கணக்கு முடிந்தது.

போன ஆடியில் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் கச்சேரி. நாங்கள் ஸ்டேஜில் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது சவுண்ட் சர்வீஸ் தம்பி சாமி பாட்டு ஓடவிட்டிருந்தார். வேப்பமரத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கரில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு ஷெனாய் பிட்டு வந்தது, கீபோர்டில் ஷெனாய் ஒலி வைத்து வாசித்த சின்ன இசைத்துண்டு. என் விரல் தானாக அசைந்தது. நான் வாசித்தது. கடைசி ஸ்வரத்தில் கொஞ்சம் அதிகமாக இழுத்திருப்பேன், அன்றைக்கே மாற்ற வேண்டும் என்று நினைத்து விட்டுப்போன இடம்.

போய்ப் பார்த்தேன். பென் டிரைவில் நானூறு பாட்டுக்கு மேல். என் பாட்டின் பெயருக்கு முன்னால் ஏதோ ஓர் இணையதளத்தின் பெயர். பாடியவர் என்ற இடத்திலும் அதே தளம், ஆல்பம் என்ற இடத்திலும் அதே தளம். "இது யார் பாட்டு தம்பி?" என்று கேட்டேன். "தெரியலண்ணே, நெட்டுல எடுத்தது. ஆனா இதைப் போடலைன்னா ஊர்ல கேப்பாங்க" என்றார்.

அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பாட்டு உயிரோடு இருப்பதற்கு இந்த இலவசப் பகிர்வுதான் காரணம், கேசட் எப்போதோ போய்விட்டது. ஆனால் அதனால் எனக்கு ஒரு ரூபாய் வரவில்லை, ஒரு கச்சேரி கூடுதலாக வரவில்லை. இதை நான் லாபத்தில் எழுதுவதா, நட்டத்தில் எழுதுவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய டேப் எழுதியது:

அண்ணே, நான் கும்பகோணத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன். 1986-லிருந்து 2004 வரை. ஆட்கள் துண்டுச்சீட்டில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிட கேசட்டில் பன்னிரண்டு பாட்டு, பக்கத்துக்கு ஆறு. நாளைக்கு வாங்க என்று சொல்லி அனுப்புவோம். கல்யாண சீசனில் இரவு இரண்டு மணி வரைக்கும் டெக் ஓடும்.

நாங்கள் செய்ததும் காப்பிதான், அதை மறுக்க மாட்டேன். எந்தப் பாட்டுக்கும் யாருக்கும் காசு கொடுத்ததில்லை. இன்றைக்கு நினைத்தால் அது தப்பு என்றுதான் படுகிறது.

ஆனால் ஒன்று. அட்டையில் கையால் எழுதுவோம். பாட்டு, படம், பாடியவர், இசை. என் தம்பிக்கு முத்து முத்தான கையெழுத்து, அதற்காகவே எங்கள் கடைக்கு வருவார்கள். அப்புறம் எம்பி3 சிடி வந்தது. ஒரு சிடியில் நூற்றைம்பது பாட்டு. அத்தனைக்கும் அட்டையில் எங்கே எழுத? "சோகப் பாடல்கள்", "ஐயப்பன் பாடல்கள்" என்று தலைப்பு மட்டும் போட்டோம். பெயர் அங்கேயே விழ ஆரம்பித்துவிட்டது.


நள்ளிரவு ரேடியோ எழுதியது:

வைகைக்கரை அண்ணா, நான் மேற்கத்திய ராக் கேட்டு வளர்ந்தவன். இந்தச் சண்டை அங்கே எப்படித் தொடங்கியது என்று சொன்னால் உதவும்.

1999 ஜூனில் நாப்ஸ்டர் என்ற இணையச் சேவை வந்தது. உங்கள் கணினியில் இருக்கும் பாட்டை நானும் என்னுடையதை நீங்களும் நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஏப்ரலில் மெட்டாலிக்கா என்ற ராக் குழு அதன்மேல் வழக்குப் போட்டது. அவர்கள் இன்னும் வெளியிடாத ஒரு பாட்டின் அரைகுறை வடிவம் அமெரிக்க ரேடியோக்களில் ஓடியது, எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் நாப்ஸ்டரில் போய் நின்றது. குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிச், தங்கள் பாட்டைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் அதிகமான பயனர் பெயர்களை அச்சடித்துப் பெட்டி பெட்டியாக நாப்ஸ்டர் அலுவலகத்தில் கொண்டுபோய் இறக்கினார். ரசிகர்கள் அவரைப் பேராசைக்காரர் என்று திட்டினார்கள். நானும் திட்டியிருக்கிறேன். இன்று யோசித்தால், முடிக்காத வேலையை ஊர் பார்த்துவிட்டதே என்ற அவருடைய கோபம் நியாயம்தான்.

ஆனால் அதே 2000-ல் ரேடியோஹெட் குழுவின் 'கிட் ஏ' ஆல்பம் வெளியாவதற்கு முன்பே நாப்ஸ்டரில் பரவிவிட்டது. எல்லாரும் முடிந்தது கதை என்றார்கள். அக்டோபரில் கடைக்கு வந்தபோது அமெரிக்காவில் முதலிடம். அதுவரை அந்தக் குழு அங்கே முதலிடம் பிடித்ததே இல்லை. பின்னால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர்ப் பையன்கள், ஆர்க்டிக் மங்கீஸ் குழு, வந்தார்கள். கச்சேரிக்கு வந்தவர்களுக்கு டெமோ சிடியைச் சும்மா கொடுத்தார்கள், ரசிகர்கள் அதை இணையத்தில் ஏற்றினார்கள். 2006 ஜனவரியில் முதல் ஆல்பம் வந்த ஒரே வாரத்தில் பிரிட்டனில் 3,60,000-க்கு மேல் விற்றது.

அதனால் இதை வெறும் திருட்டு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.


கணக்குப்பிள்ளை எழுதியது:

ஜெயித்தவன் கதையை மட்டும் எடுத்துவைத்தால் எல்லாமே லாபமாகத்தான் தெரியும் தம்பி. அமெரிக்காவில் 1999-ல் பதிவு இசையின் வருமானம் சுமார் 1,460 கோடி டாலர். 2014-ல் அது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பழி முழுவதும் பகிர்வின் மேல் இல்லை. ஒரு பாட்டுக்காக முழு ஆல்பத்தையும் வாங்க வைத்த காலம் போனது, 99 சென்ட்டுக்கு ஒற்றைப் பாட்டு விற்கத் தொடங்கினார்கள், அதுவும் சேர்ந்துதான்.

ஆராய்ச்சிக்காரர்களே இதில் ஒத்துப்போகவில்லை. ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2007-ல் வெளியிட்ட கட்டுரையில், பதிவிறக்கத்தால் விற்பனை குறைந்ததாகக் கணக்கில் தெரியவில்லை என்றார்கள். லீபோவிட்ஸ் என்பவர் அதைக் கடுமையாக எதிர்த்தார். எனக்கு முக்கியமாகப் படுவது 2012-ல் மார்ட்டிமர், நாஸ்கோ, சோரென்சன் எழுதியது. ஆல்பம் விற்பனை குறைந்தது உண்மை. ஆனால் சின்னக் கலைஞர்களுக்குக் கச்சேரி வருமானம் கூடியது, பெரியவர்களுக்கு அதில் பெரிய மாற்றம் இல்லை. ஊருக்கு ஊர் பாட்டுப் போய்ச் சேர்ந்ததால் ஆள் தெரிந்தது, அதனால் டிக்கெட் விற்றது.

இப்போது அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வாங்கியது 1,500. கேசட் ஆயிரம் விற்றிருந்தாலும் லட்சம் விற்றிருந்தாலும் அதே 1,500தான். ஆகவே பகிர்வினால் நேரடி நட்டம் உங்களுக்கு இல்லை, கேசட் போட்ட கம்பெனிக்கு. இன்னொன்று, கோயில் திருவிழாவில் உண்மையான சமயச் சடங்கின் பகுதியாகப் பாட்டுப் போடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அந்தத் தம்பி கடையில் காசு கொடுத்து வாங்கிய சிடியைப் போட்டிருந்தாலும் அந்த விலக்கில் வந்தால் ராயல்டி கிடையாது.


வைகைக்கரை எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, நேரடி நட்டம் இல்லை என்பது சரி. ஆனால் சுற்றி வந்து அடித்தது. 2001, 2002-ல் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பக்திக் கேசட், கிராமியக் கேசட்டுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஆடி மாதத்துக்கு வைகாசியிலேயே ரெக்கார்டிங் தொடங்கிவிடும். 2005-க்கு அப்புறம் போன் வரவில்லை. "போட்ட மறுநாளே சிடியில வந்துடுதுப்பா, யாரை நம்பிப் போட?" என்று கேசட் கம்பெனி முதலாளி என்னிடம் நேராகச் சொன்னார். அந்த இரண்டு நாள் கூலியில்தான் என் பெண்ணுக்குப் பள்ளிக்கூட பீஸ் கட்டினேன். அது என் நட்டம் இல்லையா?

அப்புறம் நீங்கள் சொன்ன 2012 கட்டுரை. பாட்டு பரவினால் ஆள் தெரியும், கச்சேரி வரும் என்கிறார்கள். என் பாட்டு பரவியது, ஆனால் ஆள் தெரியவில்லையே!


சொல்லுழவன் எழுதியது:

அண்ணன் கடைசி வரியில் சொன்னதுதான் எனக்கு இந்த விவாதத்தின் முழுச் சாரமும்.

நான் பாட்டு எழுதுகிறவன். பாடகருக்கு மேடை இருக்கிறது. வாத்தியக்காரருக்கும் மேடை இருக்கிறது. பாட்டு எழுதியவன் மேடையேறி என்ன செய்வான்? அவனுக்கு உள்ளதெல்லாம் பெயர் ஒன்றுதான். பெயர் போனால் அடுத்த பாட்டு வாய்ப்பும் போகும்.

எம்பி3 கோப்பின் கடைசியில் ஒட்டிவரும் விவரச்சீட்டைப் பாருங்கள். 1996-ல் வந்த முதல் ஐடி3 அமைப்பில் மொத்தம் 128 பைட்டு. தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருடத்துக்கு 4, குறிப்புக்கு 30. எழுதியவருக்கு இடமே கிடையாது. இசையமைத்தவருக்கும் கிடையாது. பாடுகிறவரே தன் பாட்டை எழுதிக்கொள்ளும் ஊரில் அது பெரிய குறை இல்லை. நம் ஊரில் ஒரு பாட்டுக்குப் பாடியவர் வேறு, எழுதியவர் வேறு, இசை வேறு. பின்னால் வந்த பதிப்பில் எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் நம் பாட்டுகளை இறக்கி ஏற்றியவர்கள், கலைஞருக்கும் ஆல்பத்துக்கும் என்று இருந்த இடத்திலும் தங்கள் தளத்தின் விளம்பரத்தை நிரப்பிவிட்டார்கள். பாட்டைக் காப்பி எடுத்ததைக் கூட நான் மன்னிப்பேன். மெனக்கெட்டு பெயரை அழித்து அந்த இடத்தில் தன் பெயரை எழுதியதை மன்னிக்க முடியவில்லை.

நம் முன்னோருக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்கிறது. சம்பந்தர் ஒவ்வொரு பதிகத்தின் கடைசிப் பாட்டிலும் தன் பெயரையும் தன் ஊரான காழியையும் (சீர்காழி) வைத்தார். திருக்கடைக்காப்பு என்று அதற்குப் பெயரே இருக்கிறது. தியாகராஜர் தன் பெயரை முத்திரையாக வைத்தார், தீட்சிதர் குருகுஹ என்று வைத்தார். வாய்வழியாகப் போகும் பாட்டில் பெயரைப் பாட்டுக்குள்ளேயே தைத்து அனுப்பினார்கள். யார் எங்கே பாடினாலும் பெயரும் கூடவே போகும்.


தெருப்பாட்டு எழுதியது:

சொல்லுழவன் அண்ணா சொன்னதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. எங்கள் கானாவில் இது இன்றைக்கும் இருக்கிறது. என் மாமா வடசென்னையில் கானா பாடுகிறவர். பாட்டு ஆரம்பத்திலோ முடிவிலோ தன் பெயர், தெருப்பெயர், கூட வாசிக்கும் டோலக் அண்ணன் பெயர் எல்லாவற்றையும் பாட்டோடு சேர்த்தே சொல்லிவிடுவார்.

ஒரு சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடியதை யாரோ போனில் பதிவு செய்தார்கள். அது புளூடூத்தில் கைமாறி மொபைல் கடைக்குப் போனது. மொபைல் கடை ஞாபகம் இருக்கிறதா? மெமரி கார்டைக் கொடுத்தால் இருபது ரூபாய்க்கு நிறைய நிறையப் பாட்டு ஏற்றித் தருவார்களே, அந்தக் கடை. மூன்று மாதம் கழித்து திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மாமாவைத் தேடி ஆள் வந்தார்கள், பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாட. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "பாட்டுலயே தெருப்பேரு சொல்றாரே" என்றார்கள். அந்த வருடம் மாமாவுக்கு வெளியூர் நிகழ்ச்சி மட்டும் பதினைந்துக்கு மேல். காசு வாங்காமல் பரவிய பாட்டுதான் அவர் குடும்பத்தைத் தூக்கிவிட்டது.

அதனால் வைகைக்கரை அண்ணன் சொல்வதும் உண்மை, என் மாமா கதையும் உண்மை. இரண்டு பாட்டும் பரவின. பெயரோடு போனதற்குச் சோறு கிடைத்தது.


பனங்காட்டான் எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறொன்ரோ. எனக்கு இந்த இழையில் சொல்ல ஒரு விசயம் இருக்கு அண்ணை.

தொண்ணூறுகளின்ர தொடக்கத்தில எங்களுக்குக் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் திருப்பி வச்சு டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோவும் கசற்றும் கேட்டம். ஒராள் பெடலைச் சுத்த மற்ற ஆக்கள் சுத்தி இருந்து கேப்பம். எங்கட கசற்றுகள் எல்லாம் காப்பிக்குக் காப்பி எடுத்தது, சத்தமே தேஞ்சு போயிருக்கும். ஆனா யார் எழுதினது, யார் இசை, யார் பாடினது எண்டு எனக்கு இண்டைக்கும் பிழையில்லாமல் சொல்லத் தெரியும். ஏனெண்டால் அதுக்கு முந்தி வருசக்கணக்கா இலங்கை வானொலி கேட்டு வளந்த காது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால படம், பாடினவை, எழுதினவர், இசை எல்லாம் அறிவிப்பாளர் சொல்லித்தான் போடுவார்.

இப்ப என்ர மகன் போனில பாட்டுக் கேக்கிறான். ஆர் பாடினது எண்டு கேட்டால் திரையைப் பாத்துத்தான் சொல்லுவான். திரையில இல்லாட்டி அவனுக்கு அந்த மனுசன் இல்லை.


கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் முன்னால் எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது, பணத்தை மட்டும் பார்த்தேன். பெயர் என்பது கௌரவம் மட்டும் இல்லை, பணம் வந்து சேர்வதற்கான விலாசமும் அதுதான் என்று இப்போது படுகிறது.

அமெரிக்காவில் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு இருக்கிறது. இணைய ரேடியோ போன்றவற்றில் ஓடும் பதிவுகளுக்குக் காசு வசூலிக்கிறது. பாதி பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, மீதி 5 சதவீதம் பின்னணியில் வாசித்தவர்களுக்கும் கோரஸ் பாடியவர்களுக்கும். அந்த 5 சதவீதம் ஒரு தனி நிதிக்குப் போகிறது. யார் வாசித்தார் என்ற பட்டியல் கிடைத்தால்தான் அந்தப் பணம் ஆளைத் தேடிப் போகும். பெயர் இல்லாதவனுக்கு அனுப்ப எந்த நிதியாலும் முடியாது.

நம் நாட்டில் 2012 பதிப்புரிமைத் திருத்தம் வந்தது. மாநிலங்களவையில் இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காகப் போராடினார். பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்கு உரிய சம பங்கை இனி எழுதிக்கொடுத்துவிட முடியாது. வாரிசுக்கும் உரிமைச் சங்கத்துக்கும் தவிர வேறு யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வாசிப்பவர், பாடுபவர் என நிகழ்த்துகிறவருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்று சட்டம் சொல்கிறது. சட்டம் வந்துவிட்டது, ஆனால் எந்தப் பதிவில் யார் வாசித்தார் என்ற பதிவேடு நம்மிடம் பாதிக்கு மேல் கிடையாது. ஏ.ஆர். ரஹ்மான் தன் ஆல்பங்களின் அட்டையில் புல்லாங்குழல் நவீன் குமார், பேஸ் கிட்டார் கீத் பீட்டர்ஸ் என்று வாசித்தவர்கள் பெயரைப் போட வைத்தாரே, அதன் அருமை இப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபை மாதிரி சட்டப்படியான இடத்துக்குப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். 2024-லிருந்து அங்கே பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவு ராயல்டி கிடையாது. ஒரு வட்டாரப் பாட்டு ஆடி மாதம் மட்டும் ஓடும், அதுவும் பென் டிரைவில் ஓடும்.


நள்ளிரவு ரேடியோ எழுதியது:

ஐயா சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. நாப்ஸ்டருக்கு முன்னால் எல்லாம் பொற்காலமாக இருந்ததாகவும் நினைக்க வேண்டாம். டிஎல்சி என்ற மூன்று பெண்கள் குழு, பல லட்சம் பிரதிகள் விற்றுக்கொண்டிருந்த 1995-லேயே திவால் மனு கொடுத்தது. ரெக்கார்டிங் செலவு, வீடியோ செலவு எல்லாவற்றையும் கலைஞரின் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளும் ஒப்பந்தம். அப்போது பகிர்வும் இல்லை, இணையத் திருட்டும் இல்லை.

நான் என்னளவில் ஒன்று செய்யப்போகிறேன். என் ஹார்ட் டிஸ்கில் ஆறாயிரம் பாட்டு இருக்கிறது, கல்லூரி நாளில் இறக்கியது. பாதிக்கு மேல் தளத்தின் பெயரோடுதான். இந்த வார இறுதியில் உட்கார்ந்து திருத்தத் தொடங்குகிறேன். பழைய டேப் அண்ணே, உங்களிடம் அட்டைகள் ஏதாவது மிச்சம் இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்களேன்.


பழைய டேப் எழுதியது:

இருக்கிறது தம்பி. கடையை மூடும்போது கேசட்டைக் கொடுத்துவிட்டேன், நாங்கள் எழுதியதும் கம்பெனி அச்சடித்ததுமாக இருந்த அட்டைகளைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. மூன்று பிஸ்கட் டின் நிறைய வைத்திருக்கிறேன். நேற்றைக்கு என் மனைவியும் நானும் ஒரு டின்னைக் கூடத்தில் விரித்துப் போட்டுத் தேடினோம்.

வைகைக்கரை அண்ணே, 2001, மதுரை, அம்மன் பாடல், எட்டுப் பாட்டு என்றால் எனக்கு இரண்டு அட்டைதான் கிடைத்தது. ஒன்றில் குத்துவிளக்கு படம், ஓரம் செல் அரித்திருக்கிறது. உள்பக்கம் சின்ன எழுத்தில் வாத்தியக்காரர்கள் பெயர் இருக்கிறது. போட்டோவைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள்தானா என்று பாருங்கள்.


வைகைக்கரை எழுதியது:

அண்ணே, அதுதான். அதேதான்!

கீபோர்டு என்று போட்டு என் பெயர். ஓர் எழுத்துப் பிழையோடு, ஆனால் என் பெயர். அதற்குக் கீழே தபேலா, டோலக், உருமி, பம்பை, கோரஸ் நான்கு பேர். பம்பை வாசித்த அண்ணன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் இந்தக் கேசட்டில் வாசித்தது எனக்கே மறந்துவிட்டது. ஐந்தாவது பாட்டில் அந்த ஆவேசமான இடம் அவர் வாசித்தது. அவர் மகன் இப்போது பம்பை செட்டு வைத்திருக்கிறான், பல்லடம் பக்கம். அவனுக்கு அட்டையை அனுப்பினேன். அப்பா பெயர் அச்சில் வந்து நான் பார்த்ததே இல்லை மாமா என்று போன் செய்தான்.

என் மகளை உட்காரவைத்து எட்டுப் பாட்டுக்கும் விவரம் ஏற்றினோம். எழுதியவர், இசை, பாடியவர், குறிப்பில் வாத்தியக்காரர்கள் எல்லாரும். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு திருமங்கலம் சவுண்ட் சர்வீஸ் தம்பியைப் போய்ப் பார்த்தேன். பழையதை அழித்துவிட்டு இதை ஏற்றிக்கொண்டார். அப்புறம் மைக்கை எடுத்து, "அடுத்த பாட்டு போடுறப்ப பேரைச் சொல்லிட்டே போடவாண்ணே?" என்று கேட்டார். சொல்லச் சொன்னேன். அவருக்கு இன்னும் நாற்பது சவுண்ட் செட்டுக்காரர்கள் பழக்கமாம், பங்குனிப் பொங்கலுக்குள் எல்லாருக்கும் அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.

பழைய டேப் அண்ணே, மிச்ச இரண்டு டின்னையும் பார்க்க நான் கும்பகோணம் வருகிறேன். வியாழக்கிழமை கச்சேரி இல்லை.